எகோஃபிஸ்க் தொட்டி இறங்கிய கதை

1973இல், வட கடலின் நார்வே பகுதியில், ஒரு பிரமாண்டமான கான்கிரீட் தொட்டியை இழுத்துவந்து கடலடியில் உட்கார வைத்தார்கள். எகோஃபிஸ்க் வயலின் எண்ணெயைச் சேமிக்க. பத்து லட்சம் பீப்பாய் கொள்ளும். தண்ணீர் சுமார் 70 மீட்டர் ஆழம். அடியில் பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் தூண், கிடையாது. தன் எடையை நம்பியே மணல்மேல் நிற்கவேண்டும்.

எவ்வளவு இறங்கும்? இதற்கான அடிப்படையை 1920களிலேயே மண் பொறியியலின் முன்னோடி டெர்சாகி தந்துவிட்டார். மண்துகள்களுக்கு இடையில் இருக்கும் நீரும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறது. நீர் வெளியேறினால் அந்தப் பங்கு துகள்கள் மேல் விழும். மண் இறுகும், கட்டடம் இறங்கும். கடலில் இன்னொரு தொல்லையும் உண்டு. புயல் அலைகள் மாறி மாறித் தள்ளத் தள்ள மணலுக்குள் நீரழுத்தம் ஏறி, பிடிப்பு தளரலாம். ஆகவே கருவிகள் வைத்து அழுத்தத்தையும் இறக்கத்தையும் அளந்தார்கள். முதல் குளிர்காலப் புயல்களைத் தொட்டி தாங்கிவிட்டது. மணல் கணக்கில் குறை சொல்ல இடமில்லை.

1984இல்தான் விஷயம் வெளிவந்தது. தொட்டியைச் சுற்றி, அலையின் வேகத்தைக் குறைக்கத் துளையிட்ட சுவர் ஒன்று இருந்தது. நீருக்கு மேலே தெரியவேண்டிய துளை வரிசைகள் சில காணோம்! தொட்டி கிட்டத்தட்ட 3 மீட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து எண்ணெய் மேடைகளும் கூடவே இறங்கியதால், ஒன்றை வைத்து இன்னொன்றை ஒப்பிட வழியில்லாமல் போயிருந்தது.

காரணம் அஸ்திவாரத்தில் இல்லை, 3 கிலோமீட்டர் கீழே இருந்தது. எண்ணெய் தேங்கியிருந்த சுண்ணக்கட்டிப் பாறையில் நுண்துளைகள் அதிகம். அவற்றிலிருந்த எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்துதான் மேலிருந்த பாரத்தைத் தாங்கியது. உறிஞ்ச உறிஞ்சப் பாறை நசுங்கியது, கடலடி கிண்ணம்போல் குழிந்தது. டெர்சாகி சொன்ன அதே விதிதான். அஸ்திவாரக்காரர்கள் மணலோடு நிறுத்திக்கொண்டார்கள். பாறை, எண்ணெய்க்காரர்களின் பாடு என்று விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், தவறு கணக்கில் இல்லை, எல்லைக்கோட்டில்.

1987இல் எஃகு மேடைகளை ஜாக்கி வைத்து 6 மீட்டர் தூக்கினார்கள். 1989இல் தொட்டியைச் சுற்றிக் கான்கிரீட் அரண் எழுப்பினார்கள். அழுத்தத்தை மீட்க வயலுக்குள் நீரையும் செலுத்தினார்கள். அந்த நீரே பாறையை நொய்யச் செய்ததால் இறக்கம் உடனே நிற்கவில்லை.

1998இல் தொட்டியின் வேலை முடிந்தது. அதே வயலில் எழுந்த புதிய மேடைகளுக்கு, கடலடி இன்னும் இறங்கும் என்று வைத்துக்கொண்டே உயரம் குறித்தார்கள்.