கடலோர மனையும் வருமான வரியும்

கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பழைய மனையை விற்பவருக்கு, தரகருக்கு அடுத்தபடியாக ஆடிட்டர் நினைவு வரும். 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த மனையின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனையென்றால், இந்தியாவில் வசிப்பவர் விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு 20 சதவீதக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

அதையும் குறைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. லாபத்தை 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற அரசு நிறுவனங்களின் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் போட்டால், 50 லட்சம் ரூபாய் வரை விலக்கு. சும்மா இல்லை: பணம் 5 ஆண்டு முடங்கும், வட்டிக்கு வரியும் உண்டு. ஆர்.இ.சி. பத்திரமென்றால், மின் திட்டங்களுக்குக் கடனாகப் போகும் பணம் அது. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

மனைவி பெயரில் வைப்புத்தொகை போடுவது வேறு கதை. கணவர் சும்மா கொடுத்த பணமென்றால், வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும்.

வரியைக் குறைக்கும் வழிகள் பற்றி உச்ச நீதிமன்றமும் ஒரே குரலில் பேசியதில்லை. 1985-ல் மெக்டவல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி வரி தவிர்க்கும் தந்திரங்களைக் கடுமையாகச் சாடினார். 2003-ல் ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு உட்பட்ட திட்டமிடலை ஏற்றது.

பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை என்பது இந்த விவாதத்திலேயே வராது. மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அதே அளவு தொகை அபராதமாகப் போகக்கூடும்.