எதிர்ப்பில்லாத விவாகரத்து

கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிய விரும்பினால் அதற்கு நீதிமன்றம் தடை சொல்வதற்கு யாது உண்டு என்று எண்ணுவோர் பலர். சட்டத்தரணி ஒருவரிடம் சென்று இருவரும் ஒரு கடதாசியிற் கையொப்பமிட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று உற்றாரும் ஊராரும் சொல்லக் கேட்டு வருகின்றவர்கள், இலங்கையின் பொது விவாகச் சட்டத்திலே மனமொத்த விவாகரத்து என்று ஒன்று இல்லை என்பதைச் சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டுதான் முதன்முதலாக அறிகின்றனர்.

1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களை மாத்திரமே ஏற்கின்றது. விவாகத்தின் பின் நிகழ்ந்த வியபிசாரம் ஒன்று. வன்மத்துடன் கைவிட்டுப் பிரிதல் மற்றொன்று. விவாகம் நடந்த காலத்திலேயே இருந்த, தீர்க்கமுடியாத தாம்பத்திய இயலாமை மூன்றாவது. இவற்றுள் ஒன்றை நிரூபித்தாலன்றி மாவட்ட நீதிமன்றம் விவாகத்தைக் குலைக்காது. கண்டி நகரில் ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கண்டியர் விவாகச் சட்டப்படி மணம்புரிந்த சிங்களக் குடும்பம். 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவர்கள் இருவரும் இணங்கினால், அந்த இணக்கமே போதிய காரணமாகி, மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். அயல் வீட்டுத் தமிழ்த் தம்பதியருக்கு அவ்வழி இல்லை. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் உண்டு. யாழ்ப்பாணத்தவரின் தேசவழமையோ சொத்தைப் பற்றியதேயன்றி விவாகரத்தைப் பற்றியதன்று. ஆதலால் அவர்களும் பொதுச் சட்டத்தின் வாயிலிலேயே வந்து நிற்கவேண்டும்.

அப்படியாயின் எதிர்ப்பில்லாத விவாகரத்து என வழங்குவது எது? ஒருவர் வழக்காளியாகி, மற்றவர் தம்மை வன்மத்துடன் கைவிட்டார் என்று வழக்கிடுகின்றார். அழைப்பாணை பெற்ற எதிராளி நீதிமன்றுக்கு வாராதிருக்கலாம். அல்லது தம் சட்டத்தரணி மூலம் தோன்றி, மறுத்து வழக்காடப் போவதில்லை எனத் தெரிவிக்கலாம். எவ்வாறாயினும் வழக்காளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். எதிராளியின் மௌனம் சாட்சியத்துக்கு ஈடாகாது. இரு பகுதியாரும் கூடிப் பேசிப் பொய்க் காரணம் ஒன்றைப் புனைந்து வந்தனரா என்பதையும் நீதிபதி ஆராய்தல் வேண்டும். அத்தகைய கூட்டுச்சதி தெரியவந்தால் வழக்கைத் தள்ளிவிடுமாறு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விதிக்கின்றது.

நல்ல சட்டத்தரணியின் உதவி எத்தகையது என்பது இவ்விடத்திலேதான் புலப்படும். “இப்படிச் சொன்னால் விரைவில் முடியும்” என்று கதை கட்டித் தருபவர் உதவி செய்பவரல்லர். கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அதில் உண்மையாகவே சட்டக் காரணம் இருக்கின்றதா என்று தேடுபவரே உதவி செய்கின்றவர். வீட்டை விட்டு வெளியேறியவரே கைவிட்டவர் என்பது சட்டமன்று. அடியும் ஏச்சும் தாங்காது குழந்தையுடன் தாய்வீடு திரும்பிய பெண், தானே பிரிந்துவந்தமையால் வழக்கிட முடியாதென்று ஆண்டுக்கணக்காகக் கலங்கியிருப்பாள். அவளை வெளியேறச் செய்த கணவனே கைவிட்டவனாகக் கருதப்படுவான் என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல, அவளுடைய நிலை முற்றாக மாறிவிடும். இன்னொரு மயக்கமும் உண்டு. ஏழு ஆண்டு பிரிந்திருந்தால் விவாகம் குலையும் என்பர். 1977 ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய பிரிவைக் கொண்டு விண்ணப்பிக்க இடமளித்தது மெய்யே. எனினும் பிரிந்திருத்தல் மாத்திரம் போதாது, குற்றமும் நிரூபிக்கப்பட வேண்டும் என உயர் நீதிமன்றம் 1986 இல் தீர்த்தது.

சட்டத்தரணி ஒருவர் இரு பகுதியாருக்கும் தோன்ற முடியாது. எவ்வளவு இணக்கம் இருப்பினும் மற்றவர் வேறொரு சட்டத்தரணியின் ஆலோசனை பெறுவதே முறை. கட்டணம் எவ்வளவு, அதில் எவை அடங்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பற்றுச்சீட்டும் பெறவேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. வசதியற்றோர் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கணவன் வெளிநாட்டில் இருக்க, மனைவி பருத்தித்துறையிலிருந்து வழக்கிடுவதாகக் கொள்வோம். அவன் முகவரி தெரிந்திருந்தும், அவன் அறியாதிருப்பதே நல்லதென்று பழைய ஊர் முகவரிக்கு அழைப்பாணை விடுப்பிக்க எண்ணுவோர் உளர். அது தன் தலையில் மண்ணள்ளிப் போடுவதாகும். ஒருதலைப்பட்சமாகப் பெற்ற தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். சேர்ந்து 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டி அதனை நீக்குமாறு அவர் கேட்கலாம். அழைப்பாணை தம் கையில் எட்டவேயில்லை என்பதைவிடத் தக்க காரணம் யாது? நீதிமன்ற அனுமதி பெற்று அந்நாட்டிலேயே சேர்ப்பித்தல் தாமதமாயினும் உறுதியானது.

விவாகரத்தில் எதிர்ப்பில்லாதோர் சொத்திலே முட்டிக்கொள்வது வழக்கம். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் நன்கொடையளிக்கவும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. கைவிட்டுப்போன கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். எனினும் விவாகம் குலைந்தபின் அத்தேவையே இல்லை. தேடிய தேட்டமும் பேசித் தீர்க்கவேண்டிய ஒன்று. ஆகவே வீடு யாருக்கு, வங்கிக் கடனை யார் இறுப்பது, நகைகள் எங்கே என்பவற்றை விளக்கத்துக்கு முன்னரே பேசித் தீர்த்து, அவ்விணக்கத்தை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுவித்தல் சட்டத்தரணியின் தலையாய பணியாகும். வாய்ச்சொல்லாக விடப்பட்ட வாக்குறுதி மறுவிவாகத்தின் பின் நிலைப்பது அரிது.

வழக்காளி வென்றாலும் முதலிற் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணையே. குறைந்தது மூன்று மாதம் கழிந்து, தடைக்குக் காரணம் காட்டப்படாவிடின் அது முற்றானதாக்கப்படும். இடைப்பட்ட காலத்தில் மறுமணம் செய்தால் அம்மணம் செல்லாது. புதிய மணத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்து நீதிமன்றத்தை அவசரப்படுத்துவோரைச் சட்டத்தரணிகள் அறிவர்.

பிள்ளைகளைப் பற்றிய கட்டளை மாத்திரம் இவ்வாறு முற்றுப்பெறுவதில்லை. யாருடைய பொறுப்பில் வளர்வது, மற்றவர் எந்நாளிற் பார்ப்பது, தாபரிப்புப் பணம் எவ்வளவு என்பன பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற, நீதிமன்றத்தால் மாற்றப்படக்கூடியவை. தாயும் தந்தையும் கணவன் மனைவி அல்லாதாராகிய பின்னரும், அதன்பொருட்டு அதே நீதிமன்ற வாங்கில் மீண்டும் அருகருகே அமர நேரலாம்.