பெயர் பறிபோனவரும் பணம் பறிபோனவரும்



2022 நவம்பரில் தில்லி காவல்துறை நாட்டின் பல ஊர்களில் 20 பேரைக் கைது செய்தது. ஓலா மின்சார ஸ்கூட்டர் விற்பதாகச் சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. முன்பதிவுக்கு 499 ரூபாய் போதும் என்று தொடங்குவார்கள். பிறகு காப்பீடு, வண்டி அனுப்பும் செலவு என்று அறுபது, எழுபது ஆயிரம் வரை கறந்துவிடுவார்கள். போலி இணையதளத்தை வடிவமைத்தவர்கள் பெங்களூரில் பிடிபட்ட இருவர் என்றும், அதில் பெயரையும் எண்ணையும் நிரப்பியவர்களின் விவரம் வேறு மாநிலங்களில் இருந்த கூட்டாளிகளுக்குப் போனது என்றும் காவல்துறை சொன்னது.

அந்த ஸ்கூட்டர் உருவாகும் ஆலை, நாம் கூடியிருக்கும் ஓசூரைக் கொண்ட இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் இருக்கிறது. போலித் தளம் உருவான பெங்களூர், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். வழக்கு நடந்தது தில்லியில். ஒரு பொருளின் பெயர் ஓரிடத்தில் பிறக்க, அந்தப் பெயரைத் திருடுவது இன்னோரிடத்தில், பணம் இழப்பது வேறெங்கோ என்ற இந்த முக்கோணம்தான் இன்றைய கருத்தரங்கின் பொருள். மாநில எல்லையில் ஜுஜுவாடி சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலக் காவல்துறை, அத்திப்பள்ளியில் இன்னொரு மாநிலக் காவல்துறை என்று பார்த்தே பழகிய ஊரில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஓர் இளம் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கண் செருகுகிறது. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி: கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் இன்றோடு கணக்கு முடங்கும், இந்த லிங்க்கைத் தொடவும். லிங்க்கில் அவருடைய வங்கியின் பெயர் சரியாகவே இருப்பதுபோலத் தெரிகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் அந்தச் சின்னத் திரையில் அது 'எம்' என்றுதான் படும். திறந்தால் அதே நிறம், அதே முத்திரை, கடவுச்சொல்லுக்கு அதே கட்டம். அடுத்து ஓடிபி. பஸ் பாகலூர் சாலையைத் தாண்டுவதற்குள் மாதச் சம்பளம் போய்விடும்.

இவரிடம் போய் 'கவனமாக இருந்திருக்கக் கூடாதா' என்று கேட்பது எளிது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும், வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவர் தலையில்தான் என்றது. ஆனால் அந்த எழுத்து வித்தையைக் கண்டுபிடிக்கும் ஆளும் கருவியும் யாரிடம் இருக்கின்றன? பெயருக்குச் சொந்தக்கார நிறுவனத்திடம். வழக்குத் தொடுக்கும் பண வசதியும் அதனிடம்தான் இருக்கிறது.

நிறுவனங்கள் நீதிமன்றம் போகாமலும் இல்லை. இந்தியாவில் இதற்கு இருபது வருட வரலாறு உண்டு. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி ஒன்றை நடத்தியவர்கள், மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, பலருடைய சொந்த விவரங்களைச் சேகரித்தார்கள். நாஸ்காம் வழக்குப் போட்டது. இப்படிப் பிறர் பெயரில் விவரம் கறப்பதைக் குறிக்கும் ஃபிஷிங் என்ற சொல்லே அப்போது நம் சட்டப் புத்தகங்களில் கிடையாது. 2005 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்கு ஒரு விளக்கம் தந்து, தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதமே என்று அறிவித்தது. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்து 16 லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

தைரியமான தீர்ப்பு அது. ஆனால் அந்த 16 லட்சம் நாஸ்காமுக்கு உரியது. மின்னஞ்சலை நம்பி விவரம் கொடுத்தவர்கள் அந்த வழக்கில் வாதிகளாகக்கூட இல்லை.

முகம் தெரியாதவர்மீது வழக்குப் போடவும் நம் நீதிமன்றங்கள் வழி கண்டிருக்கின்றன. எதிரியின் பெயர் தெரியாவிட்டால் 'அசோக் குமார்' என்று போட்டுவிடலாம். தமிழ்த் திரையுலகத்துக்கு இந்த அசோக் குமார் நன்கு அறிமுகம். 2012-இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் பரவாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியோர் உத்தரவு போட்டது. அதே வழியில்தான் 2020-இல் அமுல் டீலர்ஷிப் தருவதாகப் பணம் கறந்த போலித் தளங்களுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கப்பட்டது.

வெளிநாட்டில் வேகம் அதிகம். இந்தியாவிலுள்ள ஒரு நிறுவனம் உண்மையான உரிமையாளரை மறைத்துப் பதிவு செய்த 12 இணைய முகவரிகளுக்கு எதிராக ஃபேஸ்புக் 2020-இல் வர்ஜீனியாவில் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 39,000-க்கும் மேற்பட்ட போலி லாகின் பக்கங்களை உருவாக்கியவர்களுக்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் இன்னொரு வழக்கு. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவோடு ஒரே கும்பலின் 338 தளங்களைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி கூகுள், நியூயார்க்கில் பெயர் தெரியாத 25 பேர்மீது வழக்குத் தொடுத்தது. அவர்கள் நடத்திய 'லைட்ஹவுஸ்' ஒரு வாடகைக் கடை. தபால் துறை, சுங்கச்சாவடி என்று வேண்டிய முகமூடியைச் சந்தா கட்டி எடுத்துக்கொள்ளலாம். 120 நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்ததாகக் கூகுள் சொன்னது. சுங்கக் கட்டணம் பாக்கி, உடனே கட்டு என்பதுதான் அவர்களின் முக்கியமான தூண்டில். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநருக்கு அதே செய்தி ஃபாஸ்டேக் பெயரில் வந்தால் எத்தனை விநாடி யோசிப்பார்?

இவ்வளவு வழக்குகளிலும் ஓர் ஒற்றுமை. நிறுவனம் தன் வணிகச் சின்னத்துக்கும் நற்பெயருக்கும் நேர்ந்த கேட்டைச் சொல்லித்தான் உள்ளே நுழைகிறது. தளம் முடங்கியதும் அதன் குறை தீர்ந்துவிடுகிறது. பணம் இழந்தவரின் குறை அப்படியே நிற்கிறது. இந்த அவை பேச வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

பணம் இழந்தவருக்கென்று தனி வழி ஒன்று உண்டு, அதுவும் தமிழ்நாட்டில் போட்ட வழி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி, மாநிலத்தின் அந்தத் துறைச் செயலர். தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு வைத்திருந்த, அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர், ஃபிஷிங்கில் 4.95 லட்சம் இழந்து அந்த அதிகாரியிடம் முறையிட்டார். 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் தரும்படி வங்கிக்கு உத்தரவு வந்தது. வங்கி மேல்முறையீடு செய்தது. உத்தரவு சரியே என்று தீர்ப்பாயம் சொன்னபோது ஆண்டு 2019. வெளிநாட்டுச் சம்பளக்காரர் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தார். நம் ஷிப்ட் தொழிலாளி என்ன செய்வார்? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம். உடனே அழைத்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு, இழப்பீடு கேட்டு அவர் போக வேண்டிய செயலர் இருப்பது 300 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைக் கோட்டையில்.

டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று நாடறிந்த பெயர்கள் ஓசூரில் நிற்கின்றன. பெயர் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் போலிக்கு விலை. இப்படிப்பட்ட நிறுவனம் எதுவானாலும், போலித் தளத்தை முடக்க நீதிமன்றம் போகும்போது, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்குகளின் பட்டியலையும் கேட்டு, முடங்கிய பணத்தை இழந்தவருக்கே திருப்பித் தரும்படி அதே மனுவில் கோர வேண்டும். செயலரின் விசாரணை ஆண்டுக்குச் சில நாளாவது ஓசூரில் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்து எழுதிய வரைவு மனு பிற்பகல் அமர்வில் அவை முன் வருகிறது. ஆலைகளின் சட்டப் பிரிவிலிருந்து வந்திருப்பவர்கள் மதிய உணவோடு கிளம்பிவிடாமல் இருந்து, வரி வரியாகப் படித்துத் திருத்தித் தர வேண்டும்.