பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்



நேரே விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நிறுத்த வேண்டும். வினாத்தாளை இலகுவாக்கினால் போதும், விரும்பினவர்கள் மட்டும் எழுதட்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாடு முழுவதும் உள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் மண்டபங்களில் இருத்தி, வந்த புள்ளியைக் கொண்டு இவன் மேலே, இவள் கீழே என்று பிரிக்கிற வேலை முற்றாக நிற்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் கற்பித்தவன் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

இந்தப் பரீட்சை பிறந்த கதையை மறைத்துவிட்டு அதைத் திட்டுவது நேர்மையல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல பாடசாலைகள் நகரத்தில் இருந்தன, அவற்றுக்குக் கட்டணம் இருந்தது. வயலில் வேலை செய்கிறவரின் பிள்ளை அந்தப் படலையைத் தாண்ட முடியாது. 1943இல் வந்த கல்விக் குழுவின் அறிக்கை அதை உடைக்கச் சொன்னது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. நாட்டின் பல பாகங்களிலும் 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, தேறின கிராமத்துப் பிள்ளையை அங்கே அனுப்பி, விடுதியில் வைத்து, சாப்பாடும் போட்டுப் படிப்பித்தார்கள். பெரிய காரியம். அந்த வழியால் வந்த வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பேராசிரியர்களும் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். அவர்களுக்கு என் மரியாதை.

ஆனால் அன்றைய பரீட்சை வேறு, இன்றையது வேறு. அன்று அது ஏழைப் பிள்ளைக்காகத் திறந்த கதவு. இன்று அந்தக் கதவின் முன்னால் யார் முண்டியடித்து நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் ஊர்களில் தரம் ஐந்தில் படிக்கிற ஒரு பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? இங்கே இருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அமைச்சில் கோப்புப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. விடிய முன்னம் எழுப்பி, முகம் கழுவி, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக் காலை வகுப்புக்கு விடுகிறோம். அங்கேயிருந்து சீருடையோடு பாடசாலை. பாடசாலை முடிய அங்கேயே மேலதிக வகுப்பு. பின்னேரம் ரியூசன். தகரக் கூரை, மேலே ஒன்றிரண்டு மின்விசிறி, ஒரு வாங்கில் நெருக்கி இருத்தின பிள்ளைகள், ஆசிரியரின் கையில் ஒலிவாங்கி. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒலிவாங்கியில் பாடம்! இரவு வீட்டில் இன்னொரு மாதிரி வினாத்தாள். சனி, ஞாயிறு வழிகாட்டிக் கருத்தரங்கு. ஏதாவது ஒரு பத்திரிகையின் மாதிரி வினாத்தாள் இணைப்பு வந்துவிட்டால் அதையும் வெட்டி ஒட்டிச் செய்ய வேண்டும். அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளைக்குச் சித்திரம் இல்லை, விளையாட்டு இல்லை, ஒரு கதைப் புத்தகம் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் அரை மணித்தியாலத்தில் திரும்பி வர வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? முதல் வினாத்தாளில் 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். கணக்குப் போடுங்கள், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் யோசிக்கிற பிள்ளை பிந்திவிடும். ஏற்கெனவே இருநூறு தடவை அதே மாதிரி வினாவைச் செய்து கை பழகின பிள்ளை முந்திவிடும். யோசிக்க வேண்டிய வயதில், யோசித்தால் நட்டம் என்று பிள்ளைக்குப் பழக்குகிறோம். வகுப்பில் “ஏன் சேர்?” என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தரம் ஐந்தின் நடுவில் “இது சோதினைக்கு வருமா சேர்?” என்று கேட்கத் தொடங்கும். ஆரம்பப் பிரிவில் படிப்பித்த எவரையும் கேளுங்கள், இந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள்.

பெறுபேறு வந்த அன்று நடப்பதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. சந்தியில் பதாகை. சித்தியடைந்த பிள்ளையின் படம், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் புள்ளி. முகநூலில் வாழ்த்து. பாடசாலை மதிலில் பெயர்ப் பட்டியல். சரி, வென்ற பிள்ளையைக் கொண்டாடட்டும். ஆனால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை அதே சந்தியால்தானே நாளைக்குப் போகப் போகிறது? “எத்தனை எடுத்தாய்?” என்று தேநீர்க் கடையில் இருந்து கேட்கிறோமே, அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? வீட்டில் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார். அம்மா அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. பத்து வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எடுக்கிற முடிவு, ‘எனக்குப் படிப்பு வராது’ என்ற அந்த முடிவு, பிறகு சாதாரண தரம் வரை அதனோடு கூடவே வருகிறது.

2024 செப்டெம்பரில் 3 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். முதல் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போய், அந்த வருடத்தின் கடைசி நாளில் தீர்ப்பு வந்தது: மறுபடி பரீட்சை இல்லை, அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாருக்கும் முழுப் புள்ளி. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசியுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் சோதினைத் தாளையே முன்கூட்டி வெளியே விடுகிற அளவுக்கு ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு மேலாக, மறுபடி எழுத வேண்டிவருமா இல்லையா என்று தெரியாமல் இருந்தார்கள். இப்படி ஒரு பாரத்தைச் சுமக்கிற வயதா அது?

சரி, கிடைப்பது என்ன? இந்த இலட்சக்கணக்கான பிள்ளைகளில் உதவித்தொகை கிடைப்பது ஏறத்தாழ 20,000 பேருக்கு. மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். கூட்டினது நல்லதுதான். ஆனால் அந்த 1,500 ரூபா பல ஊர்களில் ஒரு மாத ரியூசனுக்கே காணாது. அந்தப் பணத்துக்காகவா இத்தனை பேர் ஓடுகிறார்கள்? இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு ஓர் இடத்துக்காக ஓடுகிறார்கள். உண்மை அங்கேதான் இருக்கிறது.

இந்த நாட்டில் 10,000க்கு மேற்பட்ட அரசுப் பாடசாலைகள் உள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம்தான். பத்தில் ஒன்று! ஒரு பெற்றோருக்குத் தன் ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்று தெரிகிறது. வேறு வழியில்லாமல் பிள்ளையைப் பரீட்சைக்குள் தள்ளுகிறார். ஊர்ப் பாடசாலையைத் திருத்தாத அரசாங்கம், “பரீட்சை நீதியாக நடக்கிறது, கெட்டிக்காரருக்கு இடம் கிடைக்கிறது” என்று சொல்லித் தப்பிவிடுகிறது. தோற்ற பிள்ளைதான் குற்றவாளி, பாடசாலை அல்ல. என் கோபம் எல்லாம் இந்த ஏமாற்றின் மேல்தான்.

மலையகத்தைப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 1970கள் வரை ஆனது. கொழுந்து பறிக்கப் போகிற தாய் வீட்டில் இருந்து மாதிரி வினாத்தாள் திருத்துவாளா? லயத்து அறையில் பிள்ளைக்கு மேசை எங்கே? கொழும்பில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரோடு படிக்கிற பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரே தாள். மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு என்று பதில் சொல்வார்கள். மாவட்டத்துக்குள்ளேயே நுவரெலியா நகரத்துப் பிள்ளையும் தூரத்துத் தோட்டத்துப் பிள்ளையும் ஒன்றா? இந்தப் பரீட்சை பிள்ளையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டை அளக்கிறது. பெற்றோரின் நேரத்தையும் பணத்தையும் அளந்துவிட்டுப் பிள்ளையின் பெயரில் புள்ளி போடுகிறது.

“அப்படியென்றால் ஏழைப் பிள்ளைக்கு இருந்த ஒரே வழியையும் அடைக்கப் போகிறீர்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள், மதித்துப் பதில் சொல்கிறேன். உதவி தேவையான பிள்ளை யார் என்று அறியக் கிராம அலுவலரின் பதிவும் வகுப்பாசிரியரின் ஒரு வார்த்தையும் போதும். பசிக்கிற பிள்ளை முதலில் கெட்டிக்காரன் என்று நிரூபித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமா? 20,000 பேருக்குப் பரீட்சை வைத்துக் கொடுக்கிற பணத்தை வருமானத்தைப் பார்த்துக் கொடுங்கள், இன்னும் கூட்டிக் கொடுங்கள்.

பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். 1905இல் பாரிஸில் அல்பிரட் பினே தன் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எங்கே கைகொடுக்க வேண்டும் என்று அறிவதற்காக. தரம் மூன்றிலேயே அப்படி ஒரு சோதனை வையுங்கள். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளி ஆசிரியரின் கொப்பியோடு நிற்கட்டும், சந்திக்கு வரவேண்டாம். பிரித்தானியாவிலும் 1944க்குப் பிறகு பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரிக்கிற பரீட்சை இருந்தது. 1965க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அதைக் கைவிட்டார்கள். நாங்கள் அதைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளை வைத்து இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அமைச்சு முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வருடம் சந்தியில் பதாகை கட்டாதீர்கள். அதிபர்மாரே, மதிலில் பட்டியல் ஒட்டாதீர்கள். “எத்தனை எடுத்தாய்?” என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். இதற்குப் பணமும் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

அரசாங்கத்திடம் எங்கள் கோரிக்கை மூன்று: தரம் 5 பரீட்சையை நிறுத்துங்கள். உதவித்தொகையை வறுமையைப் பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் நிரந்தர ஆசிரியர்களும் உள்ள ஒரு பாடசாலையையாவது உறுதிப்படுத்துங்கள். இந்த மூன்றையும் எழுதிய மனு மண்டப வாசலில் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.