காக்கைக்கு இடும் கவளம்

உண்ணுமுன் காக்கைக்கு ஒரு கவளம் இடுவது நம் இல்லங்களின் வழக்கம். முன்னோர்க்கே இட்டதாக அதனைக் கருதுகிறோம். ஆயினும், இரவில் எஞ்சிப் புளித்ததை மறுநாள் மாடிச்சுவரில் கொட்டிவிட்டு, அதனையும் அன்னமிட்டதாகவே சொல்லிக்கொள்கிறோம். அடியேன் இல்லத்திலும் நெடுங்காலம் அவ்வாறே நடந்தது.

உப்பிடாமல் வடித்த சோறும், உப்புச் சேர்க்குமுன் எடுத்துவைத்த வெந்த பருப்பும் பறவைகளுக்கு ஏற்றவை. நொய்யரிசி, கம்பு, தினை ஆகியன சிட்டுக்குருவிக்கு உகந்தவை. கனிந்த வாழை, பப்பாளித் துண்டுகளை மைனா விரும்பி உண்ணும்.

காரம் ஆகாதென்று பலர் அஞ்சுவர். மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை. கிளி மிளகாய்ப்பழம் கொத்துவதைக் கண்டிருப்பீர்கள். தீங்கு உப்பினால் வருவது. சிட்டுக்குருவியின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். மிகுந்த உப்பை வெளியேற்ற அதன் சிறுநீரகத்தால் இயலாது. ஆகவே ஊறுகாய் பிசைந்த தயிரன்னம், அப்பளம், திருக்கோயிலில் பெற்ற புளியோதரை ஆகியவற்றை நாமே உண்போமாக. வெங்காயமும் சாக்லேட்டும் நஞ்சு. பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. பூஞ்சை பூத்த சோறும் ரொட்டியும் அவற்றின் நுரையீரலில் நோயை உண்டாக்கும்.

அவ்வாறெனில் அமாவாசைப் படையலில் வடை வைக்கலாகாதா என வினவுவீர்கள். ஒரு கிள்ளு வைக்கலாம். கவளத்தில் சோறும் பருப்புமே நிறைந்திருக்கட்டும்.

அருகில் அகன்ற மண்சட்டியில் நீர் வையுங்கள்; அதனை நாள்தோறும் கழுவுங்கள். பொழுது சாயுமுன் எஞ்சியதை அகற்றிவிடுங்கள். இல்லையேல் இரவில் எலிகள் வந்து சேரும்.