ஏட்டு இலாபமும் ரொக்கமும்



தோட்டக் கம்பெனிக்கு இத்தனை கோடி வெள்ளி இலாபமென்று நாளேட்டில் வாசித்ததும், "அவ்வளவு பணமும் எங்கே போயிற்று?" என்று நம்மவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இலாபமெல்லாம் ரொக்கம் அல்ல.

அனைத்துலகக் கணக்குமுறையில் விவசாயத்துக்கென்று 41-ஆம் விதி இருக்கிறது. முதலில் அது, நிற்கும் பால்மரத்தையும் செம்பனையையும் ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் எழுதச் சொன்னது. எண்ணெய் விலை ஏறினால், ஒரு குலைகூட அதிகம் வெட்டாமலே ஏட்டில் இலாபம்; இறங்கினால் நட்டம்! ஏறக்குறைய 25 ஆண்டு காய்க்கும் மரத்தை விற்பதற்காகவா நட்டோம்? மலேசியாவும் இக்குறையை எடுத்துச் சொன்னது. 2014-இல் விதி திருந்தியது. இப்போது மரம் ஆலை இயந்திரம் மாதிரி. நட்டு வளர்த்த செலவை வழக்கமாக அதன் மதிப்பாக எழுதி, காய்ப்புக்கு வந்தபின் ஆண்டுதோறும் தேய்மானம் கழிப்பார்கள். மரத்திலுள்ள குலைக்கு மட்டும் சந்தை மதிப்பு; அதன் ஏற்ற இறக்கம் இன்றும் இலாபத்தில் சேரும்.

நம் நாட்டில் பெரிய கம்பெனிகள் பலவும் 2012-இல் புதுமுறைக்கு மாறின. தோட்டக் கம்பெனிகளுக்கு 2018 வரை தவணை கிடைத்தது.

சம்பளப் பேச்சு நடக்கும்போது ஆண்டறிக்கை கைக்குக் கிடைத்தால், இலாபத்தோடு ரொக்க வரவு செலவுப் பக்கத்தையும் படித்த பிள்ளைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.