புயலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கணிப்பு
(டெய்ரி ஃபார்மில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கப்பல் புறப்படலாமா, மீனவர் கடலுக்குச் செல்லலாமா என்பன போன்ற முடிவுகள் அந்தமானில் புயல் கணிப்பைச் சார்ந்தே அமைகின்றன. காலங்கடந்து வரும் கணிப்பினால் யாதொரு பயனும் இல்லை.

புயலைக் கணக்கிடுவதற்குக் கடற்பரப்பைச் சிறு கட்டங்களாக வகுத்துப் பல செயலிகளுக்குப் பங்கிடுகின்றனர். அண்டைச் செயலிகள் தத்தம் விடைகளைப் பரிமாறிக்கொண்ட பின்னரே அடுத்த படி தொடங்கும். ஆகவே ஒன்று பின்தங்கினால் மற்றவையும் காத்திருக்க நேரும். செயலிகளை வரம்பின்றிப் பெருக்கினாலோ, பரிமாற்றத்திலேயே காலம் கழியும். மேலும், புயல் வலுக்கும்போது நுண்ணிய கட்டங்கள் தேவைப்படுவதால் வேலை பெருகுகிறது. தொடக்கத்தில் பொருந்திய பங்கீடு இடைவழியில் பொருந்தாமற் போகிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைத் திருத்தியமைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ப்ரீத்தி மலாக்கர், விஜய் நடராஜன், சதீஷ் வாதியார் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 2009 மே மாதம் வங்கக் கடலில் உருவான ஐலா புயலை அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். கணிப்பு ஓரிடத்தில் நடைபெற, அதன் காட்சியைத் தொலைவிலுள்ள அறிஞர் உடனுக்குடன் காண வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்தால் விடைகள் தேங்கும், சேமிப்பகம் நிரம்பும், கணிப்பே நின்றுவிடும். எனவே சேமிப்பு இடத்தையும் இணைப்பின் வேகத்தையும் அளந்து, எத்தனை செயலிகள் இயங்க வேண்டும், எவ்வளவு இடைவெளியில் விடைகளை எழுத வேண்டும் என்பவற்றை இடையிடையே தானே முடிவு செய்யும் அமைப்பை அவர்கள் உருவாக்கினர். எளிய முறையைவிடக் கணிப்பின் வேகம் சுமார் 30 விழுக்காடு கூடியது. சேமிப்புத் தேவை 25 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது.

இதில் தீவுகளுக்கு ஒரு பாடம் உண்டு. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வானிலைக்கென ஆர்க்கா, அருணிகா என்னும் மீக்கணிப்பொறிகள் 2024-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. பொறிகள் வலிமை பெற்றுவிட்டமையால் சிக்கனம் தேவையில்லை எனக் கருதலாகாது. வலிமை கூடக்கூட நுணுக்கத்தின் தேவையும் கூடுகிறது. புயல் நாளில் இணைப்பு நலிவதும் இயல்பே.

கருவிகளை வாங்குவது திட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. இருக்கும் கருவியை நிலைமைக்கேற்ப இயக்கும் அறிவை வளர்ப்பது மறுபகுதி. அவ்வறிவைப் பயில இத்தீவுகளின் மாணவர்கள் முன்வர வேண்டும். அதற்கான வாய்ப்பை அலுவலர்கள் அமைத்துத் தர வேண்டும்.